கொஞ்சம் கலரா போடுங்கண்ணா!

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரைந்து கொடுப்பேன். சாஃப்ட் பேஸ்டலில் முகப்படம். ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய். லைனில் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்த செய்யாறு பக்கத்துப் பெண் ஒருநாள் டீ டைமில் ஒரு வாக்காளர் அட்டையை நீட்டினாள். அவள் அம்மாவுடையது. அம்மா இறந்து இரண்டு வருடம். அவருக்கென்று மிச்சமிருக்கும் ஒரே போட்டோ அதுதான். கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக ஒரு திட்டு. அவ்வளவுதான்.

“அம்மா சாயல்தான் எனக்கு. என்னைப் பார்த்தே வரைங்கண்ணா” என்றாள்.

அவள் வாடகைக்கு இருந்த வீட்டு மொட்டைமாடியில், அறைத்தோழிகள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்தேன். முடித்துக் காட்டியதும் அவள் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அம்மாவேதான். ஆனா கொஞ்சம் கலரா போட்டிருக்கலாம்லண்ணா?”

“எல்லா கலரும் போட்டிருக்கேம்மா. இங்க பாரு, ஊதா, கருநீலம், செங்காவி, ஆரஞ்சு…”

“அது இல்லண்ணா. கலரா…”

எனக்குப் புரியாமல் இல்லை. நம் ஊரில் ‘கலர்’ என்றால் எல்லா நிறமும் கிடையாது. ஒரே ஒரு நிறம்தான். ‘பொண்ணு நல்ல கலர்’ என்றால் வெள்ளை. ‘பையன் நிறமா இருக்கான்’ என்றாலும் வெள்ளை. அப்படியானால் கறுத்தவர்களுக்கு நிறமே கிடையாது என்றுதானே பொருள்? நம்மைப் பாராட்டும்போதுகூட ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்கிறார்கள். அந்த ‘இருந்தாலும்’ இருக்கிறதே, அதில் ஒரு சமூகத்தின் மொத்தத் தீர்ப்பும் இருக்கிறது.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வெயிலிலேயே ஆயுளைக் கழித்த ஒரு சேரிப் பெண். செத்த பிறகாவது அம்மா கொஞ்சம் ‘கலரா’ இருக்கட்டுமே என்று மகள் ஆசைப்படுகிறாள். அந்த ஆசையை அவளுக்குள் வைத்தது யார்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

நானும் குற்றவாளிதான்

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு முன்னால் எத்தனையோ பேரை நான் வெளுத்துக் கொடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பரிசளிக்க, காதுகுத்துக்கு, அப்பாவின் நினைவு நாளுக்கு என்று கேட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் இரண்டு மூன்று படி நிறம் ஏற்றித்தான் கொடுத்தேன். யாரும் குறை சொல்லவில்லை. ‘அப்படியே இருக்கு’ என்றார்கள். அப்படியே இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்கும் முன்னால், பள்ளியில் படித்தபோது எங்கள் காலனியில் ஏப்ரல் 14-க்கு பாபாசாகேப் படம் வரைந்தேன். டிராயிங் வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடி முகத்துக்கு ‘ஸ்கின்’ என்று பெயர் ஒட்டிய குச்சியை எடுத்துப் பூசினேன். நீலக் கோட், சிவப்பு டை, வெள்ளைக்காரத் துரை போல ரோஜா நிற முகம். பந்தலில் வைத்து மாலை போட்டோம். எல்லோரும் தட்டிக் கொடுத்தார்கள். அந்தக் குச்சியின் நிறத்தில் எங்கள் காலனியில் ஒரு ஆள்கூட இல்லை என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

‘தோல் நிறம்’ என்று ஒரு குச்சிக்குப் பெயர் வைக்கிறான் என்றால், அந்த நிறத்தில் இருப்பதுதான் தோல், மற்றதெல்லாம் அழுக்கு என்று ஆறு வயதுக் குழந்தைக்குப் பாடம் நடத்துகிறான். அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம் ‘ஃபிளெஷ்’ என்று ஒரு குச்சிக்கு வைத்திருந்த பெயரை 1962-லேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. அங்கே கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. இங்கே, பெரும்பாலான மக்கள் மாநிறமும் கறுப்புமாக இருக்கிற நாட்டில், அதற்கு அரை நூற்றாண்டு கழித்தும் ‘ஸ்கின்’ குச்சி விற்றது. பெங்களூருவில் சட்டம் படித்த ஒரு மாணவர் இதை எதிர்த்து நுகர்வோர் மன்றத்தின் படியேற வேண்டியிருந்தது.

வர்ணமும் தீட்டும்

‘இது நிறவெறிப் பிரச்சினை, சாதிப் பிரச்சினை இல்லையே’ என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதியை நிறமாகச் சுருக்கிவிடக் கூடாது என்பதில் பாபாசாகேப் கறாராக இருந்தார். பஞ்சாபின் பார்ப்பனரும் பஞ்சாபின் சமாரும் ஒரே இனவழியினர், மதராசின் பார்ப்பனரும் மதராசின் பறையரும் ஒரே இனவழியினர் என்று 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் வாதிட்டார். 1946-இல் வந்த ‘சூத்திரர்கள் யார்?’ நூலில், வர்ணம் என்பது தோலின் நிறத்தைக் குறித்தது என்ற கோட்பாட்டையே மறுத்தார்.

ஆகவே நிறம் சாதியை உண்டாக்கவில்லை. சாதிதான் ஆளுக்கொரு நிறத்தை ஒதுக்கிக் கொடுத்தது. ஆதாரம் வேண்டுமா? கறுத்த பார்ப்பானையும் வெளுத்த பறையனையும் நம்பாதே என்று ஒரு கேடுகெட்ட பழமொழி நம் ஊரில் உலவுகிறது. அதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கறுத்த பார்ப்பனரும் உண்டு, வெளுத்த பறையரும் உண்டு என்பதை அந்தப் பழமொழியே ஒப்புக்கொள்கிறது. ஆனால் இன்ன சாதிக்கு இன்ன நிறம் என்று மனதில் ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியலுக்கு மாறாக ஒரு முகம் வந்து நின்றால் அதைச் சந்தேகப்படு என்கிறது. முகத்தைப் பார்த்ததும் ‘நீங்க எந்த ஊரு?’ என்று இழுத்து விசாரிக்கிறவர்கள் அந்தப் பட்டியலைத்தான் சரிபார்க்கிறார்கள்.

தமிழில் ஒரு விந்தை. படம் வரைவதற்கும் ‘தீட்டு’, ஒதுக்கி வைப்பதற்கும் ‘தீட்டு’. பெட்டியில் இருப்பதும் ‘வர்ணம்’, தர்மம் என்று நம் தலையில் கட்டியதும் ‘வர்ணம்’. நம் மேல் இரண்டையும் ஏற்றியவர்கள், பெட்டியிலிருக்கும் வர்ணத்தை மட்டும் நம் முகத்துக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள்.

ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் வீட்டுச் சுவர்களுக்குப் போனார்கள். தெய்வத்தின் நிறம் வெள்ளை என்பது அந்தக் காலண்டர் வழியாகத்தான் நம் குடிசைக்குள்ளும் நுழைந்தது. ‘கிருஷ்ண’ என்ற சொல்லுக்கே கறுப்பு என்று பொருள். அவரையும் நீலமாக்கினார்கள். ஊர் எல்லையில் நிற்கும் நம் கருப்பசாமி மட்டும் பெயரிலேயே நிறத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

பவுடர் முகங்களின் பெட்டி

பேஸ்டல் என்ற சாதனத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நிறப்பொடி, சுண்ணப்பொடி, கொஞ்சமே கொஞ்சம் பிசின். இவ்வளவுதான் ஒரு குச்சி. 18-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்துப் பெண் ஓவியர் ரோசால்பா கரியேரா, பிரான்சில் மொரீஸ் கந்தேன் த லா தூர் ஆகியோர் கையில் இது உச்சத்துக்குப் போனது. எதிரே உட்கார்ந்தவர்கள் யார்? இளவரசர்கள், சீமாட்டிகள், மன்னனின் காதலி. முகத்திலும் தலைமுடியிலும் வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்ட கூட்டம். பவுடர் முகத்தை வரையப் பொடிக் குச்சி பொருத்தமாக இருந்தது. இன்றும் கடையில் ‘போர்ட்ரெய்ட் செட்’ என்று கேட்டால் பெரும்பாலும் அந்த வம்சத்துப் பெட்டிதான் வரும். ரோஜாவில் ஏழெட்டு, சந்தனத்தில் நாலைந்து, ஓரத்தில் ஒப்புக்கு ஒரு பழுப்பு.

அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு கறுத்த முகத்தை வரைய உட்கார்ந்தால் என்ன ஆகும்? அந்த ஒற்றைப் பழுப்பைத் தேய்ப்போம். நிழலுக்குக் கறுப்பு, வெளிச்சத்துக்கு வெள்ளை. வெள்ளை கலந்ததும் தோல் சாம்பல் பூத்துவிடும். வெறும் கறுப்பை அப்பினால் முகத்தில் பள்ளம் விழுந்த மாதிரி ஆகிவிடும். பிறகு ‘கறுப்புத் தோலை வரையறது கஷ்டம்பா’ என்று பழியை நம் தோல் மேலேயே போட்டுவிடுவோம். கஷ்டம் தோலில் இல்லை, பெட்டியில் இருக்கிறது.

வரைந்து பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன். வெள்ளைத் தாளில் தொடங்காதீர்கள். சொரசொரப்பான பழுப்பு அல்லது அடர் சாம்பல் தாள் எடுங்கள். வெள்ளைத் தாளின் நடுவில் எந்த முகமும் தேவைக்கு மேல் கறுப்பாகத் தெரியும், கண் பயந்துபோய்க் கையை வெளுக்கச் சொல்லும். நிழலைக் கருநீலத்திலும் அடர் ஊதாவிலும் போடுங்கள். நடுப்பகுதிக்குச் செங்காவி, சுட்ட செம்மண் நிறம். தாடையோரம் பாசிப்பச்சையில் ஒரு கோடு. வெயில் பட்ட கன்னத்துக்கு ஆரஞ்சும் மஞ்சள் காவியும். திறந்த வெளியில் உட்கார்ந்தவர் என்றால் நெற்றி மேட்டில் பளபளப்பது வெள்ளை இல்லை, வானத்தின் வெளிர்நீலம். கறுத்த தோல் வானத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. விரலால் ரொம்பத் தேய்க்காதீர்கள், நிறம் செத்துவிடும். கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும், கண் கலந்துகொள்ளும். பொடியை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். ஷாப் ஃப்ளோரில் தூசி தின்றது போதும்.

பெட்டியின் மேல் ‘ஸ்கின்’ என்று எழுதாத குச்சிகள் அத்தனையும் நம் தோலில் இருக்கின்றன. ‘கலரில்லாதவர்கள்’ என்று யாரைச் சொன்னார்களோ, அவர்கள் முகத்துக்குத்தான் பெட்டி முழுவதும் தேவைப்படுகிறது.

படம் சோறு போடுமா?

‘சம்பளம், சங்கம், வேலை நிரந்தரம் என்று ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது படம் வரைவதைப் பற்றிப் பேச்சா?’ இந்தக் கேள்வியும் வரும்.

படம் அவ்வளவு அற்பமான விஷயம் என்றால், அதற்கு ஏன் அவ்வளவு பயப்படுகிறார்கள்? 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு யாருடைய சிலையோ படமோ கூடாது என்றது. முன்பு எடுத்த முடிவுகளையும் அதில் அடுக்கியிருந்தார்கள். ஆலந்தூரில் புதிதாகக் கட்டிய நீதிமன்ற வளாகத்தின் நுழைவுக் கூடத்திலிருந்த அம்பேத்கர் படத்தை எடுக்கும்படி வழக்கறிஞர் சங்கத்திடம் வலியுறுத்தச் சொல்லி, நம் காஞ்சிபுரம் மாவட்ட நீதிபதிக்கு அறிவுறுத்தியது அதில் ஒன்று. அரசமைப்புச் சட்டத்தின் பெயரால் நடக்கும் நீதிமன்றத்தில், அந்தச் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவரின் முகத்துக்குச் சுவரில் இடமில்லை! வழக்கறிஞர்களும் இயக்கங்களும் எழுந்த பிறகு, அம்பேத்கர் படம் அகற்றப்படாது என்று அந்த மாதமே அரசுத் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது.

நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பாபாசாகேப் படம் எப்போது ஏறியது தெரியுமா? 1990 ஏப்ரல் 12. வி.பி. சிங் திறந்துவைத்தார். வரைந்தவர் ஜெபா அம்ரோஹவி என்ற பெண் ஓவியர். விடுதலை கிடைத்து 43 ஆண்டுகள் அந்தச் சுவர் அவருக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் அவருடைய சிலைகள் எத்தனை ஊர்களில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சோறு போடாத ஒரு உருவத்துக்கு ஏன் கூண்டு?

யாருடைய முகம் சுவரில் இருக்கலாம் என்பது எப்போதும் அதிகாரத்தின் கேள்வி. நிழல் பட்டாலே தீட்டு என்று ஒரு கூட்டத்தை விரட்டிய நாடு இது. நம்மைக் கண்ணில் படக்கூடாதவர்கள் என்று வைத்திருந்தவர்கள் முன்னால், முகத்தை நிமிர்த்தி ‘பார்’ என்று மாட்டுவது சம்பளக் கோரிக்கைக்கு எதிரானதா? இரண்டும் ஒரே மனிதருடைய கோரிக்கைகள்.

அடையாள அட்டைக்கு வெளியே

இந்தத் தொழிற்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் ராமானுஜரின் திருமேனி இருக்கிறது. அவர் வாழ்ந்த காலத்திலேயே அவர் சாயலில் செய்து, அவரே தழுவிக்கொண்டது என்பது மரபு. ‘தானுகந்த திருமேனி’ என்று நூற்றாண்டுகளாகப் போற்றுகிறார்கள். ஒரு சாயலுக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள்! அதே ஊரைச் சுற்றி, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் முதல் காரை வெளியே விட்ட காலத்திலிருந்து, ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் வந்து போய்விட்டார்கள். அவர்கள் சாயல் எங்கே இருக்கிறது? கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில். வேலை போனதும் அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

2024-இல் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கான விடுதி திறந்தபோது 18,720 பேர் தங்கலாம் என்று செய்தி வந்தது. அதே ஆண்டு சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் எத்தனை நாள் என்று கேட்டால் 37 நாள் என்று சட்டென்று சொல்வோம். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சானதற்காக ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள் என்பதும் நினைவிருக்கும். எண்கள் எல்லாம் இருக்கின்றன. ஒரு முகம் ஞாபகத்தில் இருக்கிறதா? மெரினாவில் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையிலும் நான்கு ஆண்களின் முறுக்கேறிய உடம்புதான். அதில் ஒரு பெண் இல்லை.

இன்று பல கம்பெனி வாசலில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது. இயந்திரம் ஒரு நொடி பார்க்கிறது, அது பார்ப்பது வருகைப் பதிவுக்கு. முகப்படம் என்பது ஒரு மனிதர் இன்னொரு மனிதரை மூன்று மணி நேரம் பார்ப்பது. அந்த மொட்டைமாடியில் அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: “இவ்ளோ நேரம் என்னை யாரும் திட்டாம பார்த்ததே இல்லண்ணா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நம் பக்கத்துச் சுவர்கள்

எதிரியை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. நம் இயக்கங்களின் போஸ்டர்களையும் ஃபிளெக்ஸ்களையும் பாருங்கள். அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், மீனாம்பாள் சிவராஜ் எல்லோருக்கும் நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். அதில் நிறம் இல்லை. வண்ணமாக மாற்றுகிற கைதான் நிறத்தை முடிவு செய்கிறது. அந்தக் கை எதை எடுக்கிறது? கம்ப்யூட்டரில் இருக்கும் அதே ‘ஸ்கின்’ குச்சியை. பார்ப்பனியத்தை எதிர்த்து வாழ்நாளெல்லாம் நின்றவர்களை நாமே ரோஜா நிறத்தில் குளிப்பாட்டி மேடைக்குப் பின்னால் நிறுத்துகிறோம். ‘கறுப்பே அழகு’ என்று டீ-ஷர்ட் போட்ட தோழரின் செல்ஃபியில் ஃபில்டர் ஓடுகிறது. சிரிக்காதீர்கள், அது நானாகவும் இருந்திருக்கிறேன்.

மாற்று இல்லாமல் இல்லை. ஓவியர் எஸ். இளையராஜா கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, கறுத்த தமிழ்ப் பெண்களை வெளிச்சத்தின் நடுவில் நிற்கவைத்து வரைந்தார். பத்திரிகைகளில் அவற்றைப் பார்த்து நம் வீட்டுப் பெண்களையே புதிதாய்ப் பார்த்தவர்கள் ஏராளம். 1979-இல் பிறந்தவரை 2021 ஜூனில் கொரோனா கொண்டுபோய்விட்டது. அவருடைய பெண்கள் வாசற்படியிலும் அடுப்படியிலும் நின்றார்கள். அடுத்த படியை நாம் ஏற வேண்டும். சீருடையோடு, தலையில் தொப்பியோடு, இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணின் முகம், அவள் பெயரோடு, அவள் நிறத்தோடு சுவருக்கு வர வேண்டும். அமெரிக்காவில் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் தன் மக்களைச் சமரசமில்லாத கறுப்பிலேயே வரைந்து அருங்காட்சியகச் சுவர்களில் ஏற்றினார். நமக்கு யார் தடை?

பேஸ்டல் இதற்கு ஏற்ற சாதனம். எண்ணெய் வேண்டாம், டர்பன்டைன் நாற்றம் இல்லை, காயக் காத்திருக்க வேண்டாம். எட்டுப் பேர் படுக்கும் அறையிலும் ஒரு மூலை போதும். வெளிநாட்டுக் குச்சிக்குக் காசில்லையா? சாக்பீஸ் பொடி, காவிக்கல், அடுப்புக்கரி, செங்கல் பொடி எடுத்துத் துணியில் சலித்து, கருவேலம் பிசினைத் தண்ணீராகக் கரைத்துப் பிசைந்து உருட்டி நிழலில் காயவையுங்கள். பிசின் கூடினால் குச்சி கெட்டியாகிக் கோடு விழாது, குறைத்தே போடுங்கள். நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் கொத்தடிமைகளாகக் கிடந்து மீண்ட இருளர் குடும்பங்களின் முகத்தை, அந்தச் செங்கல்லின் பொடியிலேயே வரைய முடியும்.

ஆகவே தோழர்களே, மூன்று வேலை. உங்கள் வீட்டுக் குழந்தையின் பெட்டியில் ‘ஸ்கின்’ என்று ஒரு குச்சி இருந்தால் அந்த லேபிளைக் கிழித்துவிட்டு, குழந்தையின் கையோரம் எல்லாக் குச்சியையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த ஏப்ரல் 14-க்கு அச்சடிக்கும் படத்தில் பாபாசாகேபின் முகத்தை வெளுக்காதீர்கள், டிசைனர் வெளுத்தால் திருப்பி அனுப்புங்கள். மூன்றாவது, சங்க அலுவலகம், படிப்பகம், மாலைப் பள்ளி எதுவானாலும், தலைவர்கள் படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தெருவில் உழைக்கும் ஒருவரின் முகத்தை வரைந்து பெயரெழுதி மாட்டுங்கள்.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். நான் படத்தை மாற்றவில்லை. மாற்றுகிறேன் என்று சொல்லியும் குச்சியை அவள் கையில் கொடுத்தேன். “நீயே எடும்மா. அம்மா கலர் எது?” பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முழங்கை பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சந்தனத்தை வைத்தாள், எடுத்தாள். பழுப்பை வைத்தாள். கடைசியில் செங்காவியையும் ஊதாவையும் சேர்த்துப் பிடித்தபோது கை நின்றது. வேறெதுவும் சொல்லாமல் படத்தைச் சுருட்டி வாங்கிக்கொண்டாள்.

ஊருக்குப் போய்ச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு போன் செய்தாள். தாய்மாமன் பார்த்துவிட்டு ‘ஏன் இவ்ளோ கறுப்பா வரைஞ்சிருக்கான்?’ என்று கேட்டாராம்.

“நீ என்ன சொன்ன?”

“அம்மா கறுப்புதான மாமான்னு சொன்னேன்.”